குறிஞ்சி திரிந்த பாலை: பசறை மலைநிலமும் அதுபற்றிய எழுத்துக்களும்

தமிழிலக்கணம் நிலத்தை வெறும் மண்ணாகக் கருதியதில்லை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்து மரமும் மாவும் புள்ளும் பூவும் நீரும் தொழிலும் கருப்பொருள் என்றும், அங்கு வாழ்வாரது ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் தொல்காப்பியர் வகுத்தது, மூன்றையும் தனித்தனிப் பேழைகளில் இட்டுப் பூட்டுதற்கன்று. ஒன்று திரியின் ஏனைய இரண்டும் தம் நிலையில் நில்லா என்பதே அப்பாகுபாட்டின் உட்கிடை. பாலைக்குத் தனிநிலம் வகுக்கப்படாமையும் இதனாலாம். குறிஞ்சியும் முல்லையும் முறை கெடுமாயின் அந்நிலங்களே பாலையாகிவிடும் என்னும் கருத்தை இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்துக் காடுகாண் காதையில் வைத்துள்ளார். அத்திரிபுக்கு அடிகள் கூறிய ஏது வேனிலும் வெங்கதிரும். மனிதன் தன் நுகர்ச்சியினாலும் பிழைப்பினாலும் ஒரு குறிஞ்சியைத் திரிக்க வல்லவன் என்று எண்ணிப் பார்க்கும் தேவை அக்காலத்தில் எழவில்லை. அத்தேவை பிற்காலத்தில் எழுந்த இடங்களுள் ஒன்று இலங்கையின் ஊவா மாகாணத்துப் பசறை.

பதுளையிலிருந்து கிழக்கே மலைவழியாகச் செல்லும் பாதையில் அமைந்த பசறை, தேயிலைத் தோட்டங்களாற் சூழப்பட்ட சிற்றூர். தெற்கே 2,036 மீற்றர் உயர்ந்த நமுனுகுலை மலை நிற்கின்றது. ஒன்பது சிகரம் என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். மறுபுறம் மடூல்சீமையும் லுணுகலையும் உள்ளன. கோணக்கலை, டெமேரியா, எல்டெப் முதலிய தோட்டப் பெயர்கள் இவ்வட்டாரத்தார் நாவிற் பழகியவை. ஆயினும் இவ்வூரின் பெருமை தேயிலையினும் நீரிலேயே தங்கியுள்ளது. இம்மலைகள் ஒரு நீர்பிரிமேடு. ஒரு பக்கத்து நீர் பதுளை ஓயா வழியாகவும் லொக்கல் ஓயா வழியாகவும் மகாவலியைச் சேர்கின்றது. கல்லோயாவும் கும்புக்கன் ஓயாவும் பதுளைக்குக் கிழக்கேயுள்ள இம்மலைகளிலேயே பிறந்து கீழ்க்கடலை நாடுகின்றன. நமுனுகுலையின் ஊற்றுக்கள் மாணிக்க கங்கையாகத் திரண்டு கதிர்காமத்தைத் தொட்டுச் செல்கின்றன. ஆகவே பசறைச் சரிவில் வீழும் மரம் பசறைக்கு மட்டும் உரியதன்று.

இம்மலைநிலத்தைப் பற்றி எழுதினோரை மூவகையினராகக் கொள்ளலாம். அரசாங்க உத்தியோகத்தரும் தோட்டச் சொந்தக்காரரும் ஒருவகையினர். தாவரநூல் வல்லோர் இன்னொரு வகையினர். தமிழிற் கவிதையும் கதையும் இயற்றினோர் மூன்றாம் வகையினர். நிலம் திரிந்தமைக்கு இவர்கள் யாரைப் பொறுப்பாக்கினர், எதனைக் காணாது விட்டனர் என்பது ஆராயத்தக்கது. ஏனெனில், காடழிவுக்குக் காரணமானவன் யார் என்ற வினாவுக்கு இன்றும் பெரும்பாலும் கண்ணுக்கு எதிரே கத்தியோடு நிற்பவனே விடையாகக் காட்டப்படுகின்றான்.

காட்டை எரித்துப் பயிர் செய்தல் தமிழிலக்கியத்துக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களின் குறிஞ்சி, தீண்டப்படாத தெய்வவனம் அன்று. அது குறவர் மரம் எறிந்து, தீயிட்டு, தினை விதைத்து, கிளி கடிந்து வாழ்ந்த நிலம். தலைவி தலைவனைக் காணும் புனமே வெட்டியெரித்த காடுதான். ஆயினும் புதிதாக வெட்டித் திருத்திய கொல்லைக்கு இதை என்றும், பழங்கொல்லைக்கு முதை என்றும் அம்மொழியில் இருவேறு சொற்கள் வழங்கின. சொல் இரண்டாயினமைக்குக் காரணம் வாழ்க்கைமுறை. விளைந்த நிலத்தை விட்டு நீங்கி, காடு மீண்டும் எழுந்தபின் அதனிடம் திரும்பி வருவோருக்கே இவ்வேறுபாடு வேண்டியிருக்கும். அதே மலைமக்களைப் பாடிய கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயரை அடுக்கினார். புனம் எரித்தவர் நிலத்தில் தொண்ணூற்றொன்பது பூவும் எஞ்சியிருந்தன என்பதை இவ்விடத்து நினைவிற் கொள்ளல் வேண்டும்.

ஊவாவின் சேனைப் பயிர்ச்செய்கை இப்புனத்துக்கு உடன்பிறப்பு. குரக்கன், சோளம், அவரை, பூசணி என்பவற்றை ஓரிரு போகம் விளைத்து, நிலத்தைப் பல ஆண்டு காட்டுக்கே விட்டுவிடுவது அதன் முறை. இதனை ஆங்கில உத்தியோகத்தர் எழுதிய அறிக்கைகள் பெரும்பாலும் சோம்பலின் தொழிலாகவும் காட்டின் முதற்பகையாகவுமே சித்திரித்தன. அவ்வெழுத்துக்களைப் படிப்போர் அவற்றோடு சேர்த்து இரண்டு நிகழ்ச்சிகளைப் படித்தல் வேண்டும். ஒன்று, 1817-1818 ஆம் ஆண்டுகளின் ஊவாக் கிளர்ச்சியும் அதனை அடக்கிய முறையும். வயலும் கால்நடையும் பயன்தரு மரமும் அழிக்கப்பட்ட அவ்வரலாற்றை, பின்னாளில் பதுளையிற் பணியாற்றிய ஹேர்பேட் வைட் என்னும் ஆங்கில உத்தியோகத்தரே 1893இல் வெளிவந்த தம் ஊவா மாகாணக் கைந்நூலில் வெட்கத்தோடு குறிப்பிட்டார். நன்செய் இழந்தோர் சேனையையே மேலும் நம்பினர் எனக் கருத இடமுண்டு. மற்றையது 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். காடும், தரிசும், பயிரிடப்படாத நிலமும், உறுதி காட்டப்படாதவிடத்து முடிக்குரியன என்று அது கொண்டது. பயிரிட்டு ஓய விட்ட சேனைநிலம், ஓய்ந்து கிடந்த காரணத்தாலேயே உழவன் கைவிட்டு அரசின் கைக்கும், அங்கிருந்து கோப்பி பயிரிடுவோர் கைக்கும் சென்றது. இரண்டு ஏக்கரை எரித்த கிராமத்தவன் காட்டை அழித்தான் என எழுதிய அதே பேனா, இருநூறு ஏக்கரை எரித்த தோட்டக்காரர் நிலத்தைத் திறந்தார் என எழுதிற்று. சொல்லில் உள்ள இவ்வோரவஞ்சனை கவனிக்கத்தக்கது.

இதனால் கிராமத்தவன்மேற் குறையே இல்லை என்று வாதாடுதலும் நடுநிலையாகாது. ஊவாவின் பத்தனைப் புல்வெளிகள் இதற்குச் சான்று. மரமின்றி மானாப்புல் அலையும் அச்சரிவுகள் இயற்கையாகவே அமைந்தனவா, மனிதன் இட்ட தீயினால் உண்டாயினவா என்பது தாவரநூலாரிடை நெடுங்காலம் நிலவிய வழக்கு. பியர்சன் 1899இலும் ஹோம்ஸ் 1951இலும் இப்புல்வெளிகளை விரிவாக ஆராய்ந்து எழுதினர். தோற்றம் எவ்வாறாயினும், ஆண்டுதோறும் வறட்சிக் காலத்தில் மாட்டுக்கு இளம்புல் வேண்டி வைக்கப்படும் தீ, அங்கு மரக்கன்று தலையெடுக்கவொட்டாது தடுக்கின்றது என்பதில் ஐயமில்லை. கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணியில் ஒரு தீக்குச்சி போதும், ஒரு மலை முழுதும் கருகும். மக்கட்டொகை பெருகி, ஓய விடும் ஆண்டுகள் குறைந்தபின் சேனையும் பழைய சேனையாக இல்லை. முதை என்ற சொல் வழக்கிழந்ததுபோல் அச்சொல்லுக்குரிய பொறுமையும் வழக்கிழந்தது எனலாம்.

இங்கே யானையைப் பற்றி ஒரு வார்த்தை. பதுளையில் அரசாங்க உதவி அதிபராக விளங்கிய மேஜர் ரொஜர்ஸ் என்பவர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்று போற்றப்பட்டார். 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து மாண்டார். அக்காலத்து நூல்கள் இதனை வீரச்செயலாகவே பதிந்தன. சேனைக்காரனின் தினவு தீவட்டியோடு நின்றது. இத்தகைய வேட்டைக்கு எவ்வறிக்கையும் அழிவு என்று பெயரிடவில்லை.

கோப்பியின் காலம் வேறொரு கணக்கைத் தொடங்கிற்று. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிந்து அங்கு விளைச்சல் தளர்ந்தமையும், 1835இல் பிரித்தானியச் சந்தையில் இலங்கைக் கோப்பிக்குத் தீர்வை குறைக்கப்பட்டமையும் கூடி, இலங்கை மலைநாட்டின் காட்டுக்கு விலை குறித்தன. காடு வெட்டிய முறையைச் சிறிது விரித்துரைத்தல் தகும். சரிவின் அடியிலிருந்து மேல்நோக்கி மரங்களைப் பாதியளவு வெட்டி நிறுத்திக்கொண்டே செல்வர். உச்சியிலுள்ள பெருமரங்களை முற்றாக வெட்டியதும் அவை கீழ்வரிசைமேற் சாயும். அவ்வரிசை அதற்கடுத்த வரிசைமேற் சாயும். ஒரு மலைச்சரிவு முழுதும் ஒரே முழக்கத்தோடு வீழும். சில வாரம் காயவிட்டுத் தீயிடுவர். வெட்டும் தொழிலுக்குப் பெரும்பாலும் சூழ்ந்த சிங்களக் கிராமத்தவரும், நாட்டுதற்கும் பறித்தற்கும் தமிழ்நாட்டினின்று நடந்து வந்த கூலிமக்களும் அமர்த்தப்பட்டனர். கோடரியும் மண்வெட்டியும் இவ்விருவர் கையில் இருந்தன. கோப்பைகளோ இலண்டனிலும் ஐரோப்பிய நகரங்களிலும் இருந்தன. 1870ஆம் ஆண்டை அடுத்து ஆண்டுக்கு நூறு மில்லியன் இறாத்தல் அளவில் கோப்பி ஏற்றுமதியாயிற்று. 1878இல் கோப்பி நின்ற பரப்பு ஏறத்தாழ 275,000 ஏக்கர். இவ்வளவு காட்டைத் தம் வயிற்றுக்காக வெட்டிய சேனைக்காரர் எவருமிலர்.

1869ஆம் ஆண்டு இவ்வாய்வில் தனியிடம் பெறுவது. அவ்வாண்டில், ஆபிரகாம் ஜோசப் என்பவர் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' வெளிவந்தது. மலைநாட்டுத் தோட்டத் தொழிலைப் பொருளாகக் கொண்டு தமிழில் அச்சேறிய முதல் நூல்களுள் அது வைத்து எண்ணப்படுகின்றது. மகளிர் கைகொட்டிப் பாடும் கும்மி யாப்பில் ஒரு வாணிகப் பயிரின் செய்கையை எடுத்தோதத் துணிந்தமை, இலக்கிய வரலாற்றில் ஒரு புதுமையே. வேளாண்மையைப் பாடும் மரபு தமிழுக்கு உண்டு. பள்ளு நூல்கள் அம்மரபினவே. முக்கூடற்பள்ளு நெல்லின் வகைகளையும் மாட்டின் வகைகளையும் மீனின் வகைகளையும் அடுக்கிச் செல்லும். அந்நூலின் இன்பமே அப்பன்மையில் உள்ளது. கும்மியின் பெயர் ஒரே பயிரைச் சுட்டுகின்றது. இதனை நூலாசிரியரின் குறையாகக் கூறுதல் பொருந்தாது. அவர் கண்ட மலையில் பாடுதற்கு வேறு பயிர் எஞ்சியிருக்கவில்லை. கருப்பொருள் ஒன்றாகச் சுருங்கிய நிலத்தைத் தமிழ்ச் செய்யுள் முதன்முதல் ஏற்றுக்கொண்ட ஆண்டு அது என்பதே இங்குக் கருதத்தக்கது.

அதே ஆண்டில், பசறைக்கு அணித்தாகிய மடூல்சீமையில், புதிதாகத் திறக்கப்பட்ட கோப்பி நிலத்தின் சில ஏக்கரில், இலையின் அடிப்புறத்தே செம்மஞ்சட் பொடி படிந்திருக்கக் கண்டனர். பேராதனைப் பூங்காவின் தலைவராக விளங்கிய துவைற்ஸ் அனுப்பிய இலைகளை இங்கிலாந்தில் பேர்க்லி ஆராய்ந்து, அது முன்பின் அறியாத ஒரு பங்கசு எனக் கண்டு, 'ஹெமிலேயா வஸ்டாட்ரிக்ஸ்' என்று பெயரிட்டார். அழிக்கவல்லது என்பது அப்பெயரின் பின்மொழிக்குப் பொருள். தொடக்கத்தில் தோட்டக்காரர் அதனைப் பொருட்படுத்தவில்லை. விலை ஏறிக்கொண்டிருந்தமையால் விளைச்சல் குறைந்தும் வருவாய் குறையவில்லை. ஆகவே மேலும் காடு வெட்டினர். நோய் கண்டு ஒன்பது ஆண்டு சென்ற பின்னரே கோப்பிப் பரப்பு உச்சத்தை எட்டியது என்பது, சந்தை விலை மனிதன் கண்ணை எவ்வளவு மறைக்கும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பதினைந்து ஆண்டுகளுக்குள் அச்செய்கை குலைந்தது. ஆயிரக்கணக்கான கூலிமக்கள் மீண்டும் நடந்தே தாயகம் திரும்பினர்.

1880இல் இந்நோயை ஆராய அனுப்பப்பட்ட ஹரி மார்ஷல் வார்ட் இளைஞர். இரண்டு ஆண்டு இலங்கையில் தங்கி, பங்கசின் வித்திகள் காற்றினாற் பரவி, ஈரமான இலையில் முளைத்து, இலைவாய் வழியே உட்புகுவதை அவர் நிறுவினார். இடையீடின்றி ஒரே செடி நிற்கும் பரந்த நிலம் பங்கசுக்குத் தடையற்ற விருந்தாகும் என்பது அவ்வாராய்ச்சியினின்று பெறப்படும் முடிபு. வார்டிடம் தோட்டக்காரர் எதிர்பார்த்தது மருந்து. அவர் கொடுத்தது விளக்கம். அது அவர்களுக்கு உவப்பாயிருக்கவில்லை. ஆயினும் ஊவா மலையைப் பற்றி எழுதப்பட்டவற்றுள், மலையின் பக்கம் நின்று எழுதப்பட்ட முதல் எழுத்துக்களுள் அவருடைய அறிக்கைகளைச் சேர்த்தல் தகும். அவர் வருவதற்கு முன்னரே, 1873இல், கியூ பூங்காவின் தலைவர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது விடுமாறு இலங்கை அரசாங்கத்துக்கு எழுதியிருந்தார். இவ்விரு எழுத்துக்களும் நூலகத்திற் பேணப்பட்ட அளவுக்கு மலையிற் பேணப்படவில்லை.

கோப்பி வீழ்ந்த இடத்திற் கற்றுக்கொள்ளப்பட்ட பாடம் செடியை மாற்றுதல் மட்டுமே; முறை மாறவில்லை. சிங்கோனாவைச் சில ஆண்டு நட்டுப் பார்த்து, பின் தேயிலையிற் கால் ஊன்றினர். 1867இல் யேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் நட்ட தேயிலை, அந்நூற்றாண்டு முடியுமுன் மலைநாடெங்கும் பரவிற்று. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் தனிமதிப்பு உண்டு. ஆடி தொடக்கம் புரட்டாதி வரை மலையைக் கடந்து வீசும் வறண்ட காற்றினால் கொழுந்தின் வளர்ச்சி தடைப்பட்டு, இலையில் ஓர் அரிய மணம் ஊறும். செடி படும் துன்பமே குடிப்போனுக்குச் சுவையாகின்றது. அச்சுவைக்கு ஈடாக மலை கொடுப்பது கொழுந்து மட்டுமன்று. ஒரு கிலோ தேயிலைக்கு நாலரைக் கிலோவுக்குக் குறையாத பச்சைக் கொழுந்து வேண்டும். அதனை வாட்டி உலர்த்த ஏறத்தாழ ஒன்று முதல் ஒன்றரைக் கிலோ விறகு வேண்டும். தொழிற்சாலை அடுப்புக்காக யூகலிப்டசு மரங்களும், பின்னாளிற் பத்தனை வெளிகளில் பைன் மரங்களும் நடப்பட்டன. தூரத்தே நின்று காண்போருக்கு அவை காடுபோலத் தோன்றும். கீழே நின்று நோக்கின் பறவையொலி அரிதாயிருத்தலும், பைன் ஊசிகள் நிலத்தை மூடிக் கிடத்தலும், அவற்றினூடே கோடையில் தீ விரைந்து பரவுதலும் புலனாகும்.

மண்ணின் கதை இதனினும் கொடிது. கோப்பிக் காலம் தொட்டே ஒரு புல்லும் நில்லாதவாறு சுரண்டியால் நிலத்தைச் சுரண்டி வைத்தலே நல்ல தோட்டத்துக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. கொந்தரப்புக்குப் புல்வெட்டும் தொழிலாளி எவ்வளவு மலையை மொட்டையாக்கினானோ அவ்வளவுக்கே கூலி பெற்றான். புல்லோடு மேன்மண்ணும் சென்றது. காடு பல நூறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த கரிய மண் ஆறுகளின் அடியில் வண்டலாகப் படிந்தது. 1931இல் மண்ணரிப்பு பற்றிய குழுவின் அறிக்கை வெளிவந்தது; 1951இல் மண்பாதுகாப்புச் சட்டம் நிறைவேறிற்று. கான் வெட்டுதல், கற்கட்டுக் கட்டுதல், முள்முருங்கையும் கிரவிலியாவும் நிழலுக்கு நடுதல் ஆகியவற்றால் நன்கு பேணப்பட்ட தோட்டங்களில் அரிப்புத் தணிந்தது உண்மையே. செறிந்து மூடிய தேயிலை மண்ணைக் காக்கும். இடைவெளி விழுந்த பழந்தேயிலையும், செங்குத்துச் சரிவில் வைத்த மரக்கறித் தோட்டமும், புகையிலையும் மண்ணைக் கரைக்கும். பலவகை மரங்கள் செறிந்த கிராமத்து வீட்டுத்தோட்டத்தில் அரிப்பு மிகமிகக் குறைவு. மிளகும் பலாவும் கமுகும் வாழையும் நெருங்கி நிற்கும் அத்தோட்டங்களைப் பழைய அறிக்கைகள் ஒழுங்கற்றவை என்று இகழ்ந்தன.

இனித் தமிழ்ப் படைப்புக்களை நோக்கலாம். புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக்கேணி', இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைத் தமிழ் வாசகர்க்கு அழுத்தமாக உணர்த்திற்று. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட கவிதை, சக்தீ பாலையாவினால் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழாக்கம் பெற்றது. பதுளைப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்த தெளிவத்தை ஜோசப், 'காலங்கள் சாவதில்லை' என்ற நாவலாலும் சிறுகதைகளாலும் லயத்து வாழ்க்கைக்கு நிலைத்த இடம் தேடித் தந்தார். இவ்வெழுத்துக்களின் அறவலிமை பெரிது. உத்தியோகத்தரின் அறிக்கைகளில் வெறும் தலைக்கணக்காக நின்ற மக்கள், இவற்றிற் பெயரும் பேச்சும் கண்ணீரும் உடையவராயினர். ஆயினும் திணைக்கோட்பாட்டை அளவுகோலாக வைத்து நோக்குமிடத்து ஒரு குறை தென்படுகின்றது. மலையக இலக்கியத்தின் பெரும்பகுதியில் உரிப்பொருள் ஓங்கி நிற்க, முதலும் கருவும் பின்திரையாக ஒதுங்கிவிட்டன. மலை பெரும்பாலும் பனியாகவும் குளிராகவும் அட்டையாகவும் வரும். தொழிலாளியைத் துன்புறுத்தும் கருவியாக வரும். அம்மலையும் துன்புறுத்தப்பட்டது என்பது அரிதாகவே வரும். காட்டில் என்ன மரம் நின்றது, எந்த ஓடை வற்றியது, எந்தப் பறவை பின்னர் வரவில்லை என்பன கதைக்கு வெளியே நின்றுவிட்டன.

இக்குறைக்கு நியாயம் இல்லாமல் இல்லை. 1948இல் குடியுரிமை இழந்து, 1964இன் ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்கிடையே பங்கிடப்பட்டு, ஒருநாட் பேர் விழுமா அரைப்பேர் விழுமா என்று அஞ்சி வாழ்ந்தவரிடம் மரத்துக்காகவும் அழு என்று கேட்பது எளிதன்று. நிலம் அவருடையதாயிருந்ததில்லை, தாம் குடியிருந்த லயத்து அறையும் அவருடையதன்று. உரிமையற்ற நிலத்தை நேசி என்றல் உபதேசிப்போருக்கு மலிவாகக் கிடைக்கும் அறம். அடுப்புக்குச் சுள்ளி பொறுக்கும் பெண்ணைக் காடழிப்பவள் என்று பழிக்கும் எழுத்துக்கு, இவ்விலக்கியம் தகுந்த மறுமொழியே. ஆனால் அம்மறுமொழி பாதியில் நின்றுவிட்டது. நிலத்தின் துயரும் தொழிலாளியின் துயரும் இரண்டல்ல, ஒன்றே என்ற மறுபாதியை அது சொல்லவில்லை.

சொல்லாததை மலையே சொல்லிற்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, அதே பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்தைத் தோட்டத்தில், தொடர்மழையில் ஊறிய மலைச்சரிவு இடிந்து லயங்களை மூடியது. அபாயநிலம் என முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. பெயர்ந்து போக அங்கிருந்தோருக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வேறெங்கும் இல்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வாப் புயல் இலங்கையைத் தாக்கியபோதும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளால் மிகுதியாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மழையின் மிகுதியே உடனடிக் காரணம் என்பதை மறுத்தற்கில்லை. மலைநாட்டின் பாறையமைப்பும் சரிவும் இயல்பாகவே நிலையற்றவை. ஆயினும் ஆழவேர் மரம் அகற்றப்பட்ட சரிவு, தூர்ந்த கான், சரிவின் அடியில் வரிசையாக அமைத்த லயம் ஆகிய மூன்றும் மழை செய்தவையல்ல. உரிப்பொருளை மட்டும் எழுதிய கதைஞரும், முதற்பொருளை மட்டும் அளந்த நிலநூலாரும் இவ்விடத்தில் ஒருவரையொருவர் தேடவேண்டியவராயினர்.

அந்நியரையே முழுதும் பழித்து ஆறுதல் அடைதலும் இன்று இயலாது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமை பிராந்தியக் கம்பெனிகளிடம் கொடுக்கப்பட்டது. இலண்டனின் பழைய இடத்தில் இன்று ஈராக்கும் உருசியாவும் துருக்கியும் பெருநுகர்வோராக நிற்கின்றன. நாட்டின் தேயிலையிற் பெரும்பகுதியைச் சிற்றுடைமையாளர் விளைக்கின்றனர். 2015இல் கிளைபோசேற்று என்னும் களைகொல்லி தடைசெய்யப்பட்டதும், கூலிக்கு ஆளில்லாத தோட்டங்களில் புல் செடியை மூடிற்று. 2018இல் தேயிலைக்குத் தடை தளர்ந்தது. 2021 மே மாதம் இரசாயன உரத்தின் இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டு, விளைச்சல் வீழ்ந்து, நவம்பரில் அம்முடிவு கைவிடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாக உரத்தாலும் மருந்தாலும் தாங்கி நிறுத்திய ஒரு நிலத்தை ஆறு மாதக் கட்டளையால் இயற்கைக்கு மீட்கலாம் என்று எண்ணியது, மண்ணையும் அறியாமை, மண்ணில் உழைப்போரையும் அறியாமை. இன்று பசறைப் பகுதியிற் கைவிடப்பட்ட தேயிலை மலைகளை மானா மூடுகின்றது. சில இடங்களில் அந்த மானாவினிடையே காட்டுமரக் கன்றுகளும் தலைகாட்டுகின்றன. தீ வராத ஆண்டுகளில் அவை உயர்கின்றன.

முருகன் குறிஞ்சித் தெய்வம். அவன் கோயில் கொண்ட கதிர்காமத்தில் பெருவிழா நடைபெறுவது ஆடியில். ஊவாவில் அது மழையற்ற பருவம். அப்போது மாணிக்க கங்கையில் ஓடும் நீர் அன்று பெய்த மழையின் நீரன்று. முந்திய மாரியில் நமுனுகுலைச் சரிவுகள் உட்கொண்டு, வேரும் மண்ணும் தாங்கிவைத்து, ஊற்றுவழியே சிறிது சிறிதாக விடும் நீர் அது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கால்நடையாகச் செல்லும் அடியார்கள் அதில் மூழ்கிச் சன்னிதி நோக்கி நடக்கின்றனர். அதே நாட்களில், அந்நதி பிறக்கும் மலையில், ஆண்டின் விலையுயர்ந்த கொழுந்து பறிக்கப்படுகின்றது.